2238ஆவது வரி

என் வீட்டு போன் நம்பர்கூடச் சட்டென்று வாயில் வராது. 2238 மட்டும் வரும். யூனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ஆறாவது பதிப்பின் சோர்ஸ் கோடில் அது ஒரு வரியின் எண். ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ் ஒன்றை நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓடவிடும் இடம் அது. அங்கே எழுதியவர்கள் ஒரு குறிப்பு போட்டிருக்கிறார்கள். ஸ்டாக்கைப் பற்றிச் சில வரிகள் விளக்கிவிட்டு, இது உங்களுக்குப் புரியவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்ற தொனியில் முடித்துக்கொள்கிறார்கள்.

நான் பார்த்தது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த பிரதி. எத்தனையாவது தலைமுறையோ, ஓரங்களில் கருப்பு பூத்திருந்தது. அரைப்புள்ளியா காற்புள்ளியா என்று பல இடங்களில் ஊகிக்கத்தான் வேண்டும். பெங்களூரில் வேலைக்குப் போயிருந்த கல்லூரி சீனியர் ஒருவர் தீபாவளிக்கு ஊர் வந்தபோது காக்கிக் கவரில் போட்டுக் கொடுத்தார். "யாருகிட்டயும் காட்டாதேன்னு சொல்ல மாட்டேன். யாரு குடுத்தான்னு மட்டும் சொல்லாதே" என்றார். கஞ்சா பொட்டலமா கைமாறுகிறது என்று அப்போது சிரிப்பு வந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது.

அந்தக் காகிதங்களை எழுதியவர் ஜான் லயன்ஸ். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1974இல் கென் தாம்ஸனும் டெனிஸ் ரிட்சியும் வெளியிட்ட யூனிக்ஸ் கட்டுரையைப் படித்துவிட்டு, பெல் ஆய்வகத்திலிருந்து அந்த மென்பொருளையே வரவழைத்துவிட்டார். பாடத்துக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. சந்தையில் இருந்தவை எல்லாம் கொள்கை பேசின. இவர் யூனிக்ஸின் மையப் பகுதியான கெர்னலையே பாடநூல் ஆக்கினார். பிடிபி-11/40 கணினிக்கான நிரல், ஏறத்தாழ 9,000 வரிகள். தேவைக்கு மிஞ்சிய டிரைவர்களைக் கழித்து, கோப்புகளைப் படிக்கத் தோதான வரிசையில் அடுக்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தொடர்ச்சியாக எண் கொடுத்து ஒரு புத்தகம். அந்த எண்களைச் சுட்டி விளக்கம் சொல்லும் இன்னொரு புத்தகம். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துக்கொள்ள வேண்டும். 2238 என்றால் 22ஆவது தாளில் தேடு, அவ்வளவுதான். 1977இல் முழு வடிவம் பெற்றது.

வகுப்பில் எங்களுக்கு நடந்தது வேறு. ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பது எங்கள் பல்கலைக்கழகத் தாளில் ஐந்து யூனிட். ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து எல்லோரும் நின்றுபோகும் டெட்லாக் ஒரு யூனிட், அதில் பேங்கர்ஸ் அல்காரிதம் நிச்சயம் வரும், பதினாறு மதிப்பெண். கட்டம் போட்டுக் கழித்துக்கொண்டே போனால் விடை வந்துவிடும். எந்த இயந்திரத்தில், யார், எப்போது இதை ஓட்டினார்கள் என்று கேட்கக்கூடாது. ஐந்து தத்துவஞானிகள் வட்ட மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற கதை வந்தபோது மட்டும் சார் கொஞ்சம் நிமிர்ந்தார். "ஆளுக்கு ரெண்டு ஃபோர்க் வேணுமாம், மேஜையில அஞ்சுதான் இருக்காம். நம்ம ஊரா இருந்தா கையால சாப்பிட்டுட்டுப் போயிருப்பான், டெட்லாக்கே வந்திருக்காது" என்றார். அந்தத் தாளில் எனக்கு இன்றும் மறக்காத பகுதி அதுதான்.

பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு நல்ல புத்தகம் கிடைத்தது. மாரிஸ் பாக் 1986இல் எழுதியது, பிரென்டிஸ் ஹால் ஆஃப் இந்தியாவின் மலிவுப் பதிப்பு. தாள் மங்கல், விலை கைக்கடக்கம். யூனிக்ஸின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அல்காரிதமாக எழுதிக் காட்டியிருப்பார். டிஸ்க் பிளாக் ஒன்றுக்கு மெமரியில் இடம் தேடும்போது ஐந்து விதமான நிலைமைகள் வரலாம் என்று அவர் படம் போட்டு விளக்குவதை எங்கள் தலைமுறையில் மனப்பாடம் செய்யாதவர்கள் குறைவு. ஆனால் அவர் புத்தகத்தில் நிஜ நிரல் கிடையாது. காட்டியிருக்கவும் முடியாது. அதற்குள் பெல் ஆய்வகத்தின் உரிமையாளரான ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் கதவைச் சாத்தியிருந்தது.

அது நடந்தது 1979இல். ஏழாவது பதிப்பின் உரிமத்தில், சோர்ஸ் கோடை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தக்கூடாது என்று சேர்த்துவிட்டார்கள். லயன்ஸின் புத்தகம் உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றாகியது. விளைவு என்ன? உலகத்தில் அதிகம் ஜெராக்ஸ் எடுக்கப்பட்ட கணினிப் புத்தகம் எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் சொல்வார்கள். சட்டப்படி அச்சில் வர 1996 ஆனது. லயன்ஸ் அதைப் பார்த்தார். அடுத்த இரண்டாவது வருஷம், 1998 டிசம்பரில், இறந்துபோனார். என் காக்கிக் கவர் பிரதியில் அவர் பெயர் இருந்த முதல் பக்கமே இல்லை. அதை யார் எழுதினார் என்று எனக்குத் தெரியவந்ததே அச்சுப் பிரதி வந்த பிறகுதான்.

மறுபடி அந்த வரிக்கே வருகிறேன். அங்கே என்னதான் நடக்கிறது?

ஒரே வாத்தியார் மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்து நடத்தும் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாத்தியாருக்குத் துளியும் ஞாபகசக்தி இல்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும், பாடம் எந்த வரியில் நின்றது, கரும்பலகைக் கணக்கில் மிச்சம் என்ன என்று எல்லாவற்றையும் மூன்றாம் வகுப்பின் சிலேட்டில் எழுதிவைத்துவிட்டு, நான்காம் வகுப்பின் சிலேட்டை எடுத்துப் படித்து அங்கே விட்ட இடத்திலிருந்து தொடர்வார். வாத்தியார்தான் செயலி. சிலேட்டு, ஒவ்வொரு பிராசஸுக்கும் உரிய ஸ்டாக். இதுவரை சுலபம். சிக்கல் எங்கே என்றால், இந்த மாற்றத்தைச் செய்வதே ஒரு ஃபங்ஷன். அதைக் கூப்பிட்டது ஒரு பிராசஸ். உள்ளே போனதும் ஸ்டாக்கை மாற்றிவிடுகிறோம். 'திரும்பு' என்ற கட்டளை வந்ததும் செயலி ஸ்டாக்கைப் பார்த்துத்தான் எங்கே திரும்புவது என்று தீர்மானிக்கும். அது இப்போது வேறொருவருடைய ஸ்டாக். ஆகவே கூப்பிட்டவரிடம் அது திரும்பவே இல்லை. எப்போதோ முன்பு இதே ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு உறங்கிப்போன இன்னொருவரிடம் போய் நிற்கிறது. நிரல் என்றால் மேலிருந்து கீழ், போனால் திரும்பும் என்று பழகிய புத்திக்கு இது சுலபத்தில் இறங்காது. எனக்கு இறங்கியது ஒரு மழைநாள் மத்தியானம், ஹாஸ்டல் வராந்தாவில். எதிரே துவைத்த லுங்கிகள் நனைந்துகொண்டிருந்தன. எழுந்துபோய் எடுக்கவில்லை.

புரிந்தது என்று இங்கே சொல்வதிலும் ஒரு படிநிலை இருக்கிறது. படித்துப் புரிந்துகொண்டதை எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிப் பார்த்தது இதைத்தான். 1991 ஜனவரியில் ஹெல்சிங்கியில் ஒரு 386 கணினி வாங்கினார். கையில் இருந்தது ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஆண்ட்ரூ டனன்பாமின் புத்தகம். டனன்பாமின் கதையும் அந்த 1979ஆம் வருஷத் தடையிலிருந்தே கிளைத்தது. யூனிக்ஸைக் காட்டிப் பாடம் நடத்தக்கூடாது என்றதும், யூனிக்ஸின் ஒரு வரியும் கலக்காமல், வெளியிலிருந்து பார்த்தால் அதைப் போலவே நடந்துகொள்ளும் மினிக்ஸை அவரே எழுதினார். 1987இல் வந்த அவர் புத்தகத்தின் பின்பாதியில் அந்த நிரல் அச்சாகியிருந்தது. லினஸின் முதல் பரிசோதனை, இரண்டு பிராசஸ். ஒன்று திரையில் 'ஏ' எழுத்தை எழுதிக்கொண்டே இருக்கும், இன்னொன்று 'பி'. நடுவில் டைமர் இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிடும். ஏ ஏ ஏ ஏ, பி பி பி பி என்று திரையில் வந்தால் லயன்ஸின் 22ஆவது தாள் உன் கையில் உயிர்பெற்றுவிட்டது என்று அர்த்தம். பிறகு அதிலிருந்து பல்கலைக்கழகக் கணினியோடு மோடத்தில் பேசும் ஒரு நிரல் வளர்ந்தது, அதிலிருந்து லினக்ஸ். ஒருமுறை மோடத்துக்குப் போகவேண்டிய டயல் கட்டளையைத் தன் ஹார்டு டிஸ்குக்கே அனுப்பி மினிக்ஸ் இருந்த பகுதியைக் கெடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். திரும்ப மினிக்ஸை நிறுவாமல் தன்னுடையதிலேயே தங்கிவிட்டார். உலகம் இன்று ஓடுகிற விதத்தில் அந்தத் தவறான டயலுக்கும் ஒரு பங்கு உண்டு.

எங்கள் ஏ-பி வந்தது ஒரு பழைய 486இல். அறைத்தோழனும் நானும் சேர்ந்து செய்தது. ஃப்ளாப்பியின் முதல் 512 பைட்தான் தொடக்கம். கணினியை எழுப்பிவிடும் பயாஸ் அதை எடுத்து மெமரியில் 31,744 என்ற முகவரியில் வைக்கும். கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருந்தால்தான் மதிக்கும். இல்லையென்றால் இது பூட் ஆகாத வட்டு என்று கைவிரித்துவிடும். அந்த 512க்குள் மிச்சத்தை ஏற்றும் நிரல் அடங்க வேண்டும். பிறகு ஏ20 என்றொரு விவகாரம். 8086 செயலிக்கு இருபது முகவரிக் கம்பிகள், ஒரு மெகாபைட்டைத் தாண்டினால் எண்ணிக்கை சுற்றிக்கொண்டு பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். அந்தச் சுற்றலை நம்பிச் சில நிரல்கள் எழுதப்பட்டிருந்தன. 1984இல் ஏ.டி. என்ற பிசியைச் செய்த ஐபிஎம், அவை கெட்டுவிடக்கூடாதே என்று இருபத்தோராவது கம்பிக்கு ஒரு கதவு வைத்தது. அந்தக் கதவை இழுத்துச் சாத்தும் வேலையைக் கொடுத்தது கீபோர்டு கன்ட்ரோலருக்கு! காலி முனை ஒன்று அங்கே இருந்ததாம். ஆக, கெர்னல் எழுத உட்கார்கிறவன் முதல் காரியமாகக் கீபோர்டிடம் மெமரி கேட்டுக் கெஞ்ச வேண்டும். எந்தப் பாடநூலின் ஐந்து யூனிட்டிலும் இது கிடையாது. எனக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மேல் பிரியம் வந்ததே இந்த மாதிரி அசட்டுத்தனங்களால்தான் என்று நினைக்கிறேன். சுத்தமான கட்டங்களாகப் படம் போட்டுக் காட்டிய பொருளுக்குள் இத்தனை ஒட்டுவேலையா!

டைமர் இன்னொரு கதை. செயலியைக் குறுக்கிட்டு அழைக்க ஐபிஎம் தன் முதல் பிசியில் டைமருக்குக் கொடுத்த இன்டரப்ட் எண் 8. இன்டெல்லோ முதல் முப்பத்திரண்டு எண்களைத் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது. 386இன் பாதுகாப்பு முறைக்கு மாறியதும் 8க்கு அர்த்தம் வேறு: ஒரு பிழையைக் கையாளப் போன இடத்தில் இன்னொரு பிழை. டைமர் எண்ணை வேறு இடத்துக்கு மாற்றாமல் இன்டரப்ட்டைத் திறந்துவிட்டால், அடுத்த டிக்கிலேயே செயலி பதறி, பிழை மேல் பிழை அடுக்கி, மூன்றாவதில் நின்றுவிடும், இயந்திரம் ரீசெட் ஆகிவிடும். பயாஸின் பீப் சத்தம் கேட்கும். செய்தி இல்லை, எண் இல்லை. திரையில் எழுத்துப் போட்டுப் பார்ப்பதைத் தவிரத் துப்பறிய வேறு கருவியும் அப்போது எங்களிடம் கிடையாது. வீடியோ மெமரியில் ஒரு எழுத்துக்கு இரண்டு பைட்: ஒன்று எழுத்து, ஒன்று நிறம். நிரலின் ஒவ்வொரு கட்டத்திலும் மூலையில் ஒரு எழுத்தை வேறு வேறு நிறத்தில் எழுதச்செய்து, எந்த நிறத்தோடு மண்டையைப் போட்டது என்று பார்ப்போம். அறைத்தோழன் அதற்கு 'சாவு நிறம்' என்று பெயர் வைத்திருந்தான். பச்சைவரை வந்துவிட்டது என்று அவன் மெஸ்ஸில் சொன்னால் பக்கத்திலிருப்பவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள்.

ஏ-பி ஓடிய இரவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடியது.

இதைச் சொல்லும்போது தாம்ஸனின் 1969ஆம் வருஷக் கோடை நினைவுக்கு வருகிறது. பெல் ஆய்வகம் மல்டிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் திட்டத்திலிருந்து விலகியிருந்த சமயம். மனைவி குழந்தையை அழைத்துக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போயிருந்த வாரங்களில், கெர்னலுக்கு ஒரு வாரம், ஷெல்லுக்கு ஒரு வாரம், எடிட்டருக்கு ஒன்று, அசெம்பிளருக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டு எழுதினார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. இயந்திரம், யாரும் சீந்தாத ஒரு பிடிபி-7. இதைக் கேட்டு வாய்பிளப்பவர்களுக்கு நான் அதற்கடுத்த கதையைச் சொல்வேன். எனக்கு அதுதான் பிடிக்கும்.

தொடக்கத்தில் அந்த யூனிக்ஸில் மொத்தம் இரண்டே பிராசஸ், இரண்டு டெர்மினலுக்கு ஆளுக்கொன்று. கட்டளை கொடுத்தால், அதை வாங்கும் ஷெல் தன் மேலேயே அந்த நிரலை ஏற்றிக்கொள்ளும். அது முடிந்ததும் ஷெல் மறுபடி ஏற்றப்படும். பிறகு ஃபோர்க் வந்தது. ஒரு பிராசஸ் தன்னைப்போலவே இன்னொன்றை உண்டாக்குவது. பிடிபி-7இல் அதற்குத் தேவைப்பட்டது சரியாக 27 வரி அசெம்பிளி என்று ரிட்சி எழுதிவைத்திருக்கிறார். சேர்த்தார்கள், ஓடியது. பிறகு பார்த்தால், டைரக்டரி மாற்றும் கட்டளை வேலைசெய்யவில்லை. அந்த நிரலில் யாரும் கைவைக்கவே இல்லை. மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: அதுவும் ஒரு சாதாரண நிரல். ஷெல் ஃபோர்க் செய்து அதை ஓடவிடுகிறது. பிறந்த குழந்தை தன் டைரக்டரியைச் சமர்த்தாக மாற்றிக்கொண்டு செத்துப்போகிறது. பெற்றவள் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். அன்றிலிருந்து அந்தக் கட்டளையை ஷெல்லே தனக்குள் செய்துகொள்கிறது. இன்றைக்கும் அப்படித்தான். நேர்முகத் தேர்வுகளில் நான் கேட்டுவந்த கேள்வி இது: டைரக்டரி மாற்றும் 'சிடி' கட்டளை ஏன் தனி நிரலாக இருக்க முடியாது? பேங்கர்ஸ் அல்காரிதத்தை ஒப்பித்தவர்களில் பலர் இதில் திணறுவார்கள். சிலர் யோசித்து, மேஜைமேல் விரலால் இரண்டு வட்டம் போட்டு, "இல்ல சார், குழந்தைதானே போகும்?" என்பார்கள். அப்படிச் சொன்ன யாரையும் நான் திருப்பி அனுப்பியதாக நினைவில்லை.

2238க்கும் ஒரு பின்கதை உண்டு. அந்தக் குறிப்பு, வாசிக்கிறவனை மட்டம்தட்ட எழுதியதல்ல, இது பரீட்சைக்கு வராது என்கிற மாதிரி சொன்னதுதான் என்று ரிட்சி பின்னாளில் விளக்கினார். கூடவே ஒன்று சொன்னார்: உண்மைப் பிரச்சினை, எங்களுக்கே அது புரிந்திருக்கவில்லை. யூனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 என்ற வேறொரு இயந்திரத்துக்குக் கொண்டுபோகும்போது அந்த வித்தை உடைந்தது. சேமித்தது ஒரு ஃபங்ஷனில், திரும்புவது இன்னொரு ஃபங்ஷனின் வழியாக. பிடிபி-11இன் கம்பைலர் எல்லா ஃபங்ஷனுக்கும் ஒரே மாதிரி ரெஜிஸ்டர்களைச் சேமித்ததால் தப்பித்தது. புதிய கம்பைலர் தேவைக்கேற்ப வேறு வேறு மாதிரி சேமித்தது. ஹாஸ்டல் வராந்தாவில் எனக்குப் புரிந்ததாக நினைத்ததன் அடியில் இப்படியொரு ஓட்டை இருந்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எம்ஐடியில் 2000களின் தொடக்கத்தில் லயன்ஸின் புத்தகத்தையே வைத்துப் பாடம் நடத்தினார்கள். மாணவர்கள், செத்துப்போன பிடிபி-11இன் அசெம்பிளி எதற்கு என்று முணுமுணுத்தார்கள். நியாயம்தான். 2006இல் அதே ஆறாவது பதிப்பை இன்றைய சி மொழியில், இன்டெல் செயலிக்கு, பல கோர்களில் ஓடும்படி திரும்ப எழுதினார்கள். பெயர் எக்ஸ்வி6. எழுதியவர்களில் ராபர்ட் மோரிஸ் ஒருவர். 1988 நவம்பரில் இணையத்தின் முதல் பெரிய புழுவை அவிழ்த்துவிட்டு, யூனிக்ஸ் இயந்திரங்களை ஆயிரக்கணக்கில் முடக்கிய அதே மோரிஸ். அவர் அப்பா பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸின் பாஸ்வேர்டு பாதுகாப்பைச் செய்தவர். மகன் வளர்ந்து பேராசிரியராகி, கெர்னலைப் பாதுகாப்பாகக் கட்டுவது எப்படி என்று பாடம் எடுக்கிறார். கதையில் எழுதினால் இப்படியெல்லாம் நடக்குமா என்று பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

2019இல் எக்ஸ்வி6 ரிஸ்க்-5 செயலிக்கு மாறியது. சென்னை ஐஐடியின் 'சக்தி' செயலிகளும் அந்தக் கட்டளைத் தொகுதிதான். ஏ20 தொந்தரவு இனி யாருக்கும் இல்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

அக்கா மகன் இப்போது எக்ஸ்வி6ஐத்தான் படிக்கிறான். வீடியோ காலில் திரையைப் பகிர்ந்துகொண்டு உட்காருவோம். ஸ்விட்ச் ஃபங்ஷன் அங்கே சின்ன அசெம்பிளி. பதினான்கு ரெஜிஸ்டரை எழுதிவை, பதினான்கை எடுத்துக்கொள், திரும்பு. மந்திரக் குறிப்பு எதுவும் இல்லை. இதையா மாமா இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கீங்க என்று அவன் முதலில் சிரித்தான். அடுத்த வாரம் அவனே கூப்பிட்டான்.

"மாமா, உள்ள போனவன் ஒருத்தன், வெளிய வர்றவன் ஒருத்தன். அது சரி. ஆனா வெளிய வர்றவன் எப்பவோ ஒருதடவை உள்ள போயிருக்கணும்ல? புதுசா பொறந்த பிராசஸ் இன்னும் உள்ளயே போகலையே. அது எப்படி வெளிய வரும்?"

"புதுசா உண்டாக்கற இடத்தைப் பாரு. திரும்புற முகவரியில என்ன எழுதியிருக்கான்?"

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். "ஃபோர்க்ரெட். அட, பொய்க்கணக்கு! போகாதவனைப் போனதா எழுதிவச்சிருக்கான்."

"ஆமா."

"சரி, அந்த ஃபோர்க்ரெட் போன உடனே ஒரு லாக்கை ரிலீஸ் பண்ணுது. இவன் எங்க லாக் போட்டான்? இவன்தான் பொறக்கவே இல்லையே."

"அவன் போடலை."

"பின்ன யாரு? ஸ்கெட்யூலரா? ஒருத்தன் போட்ட லாக்கை இன்னொருத்தன் எடுக்கலாமா மாமா? அன்னிக்கி கிளாஸ்ல கூடாதுன்னாரே."

"ஸ்கெட்யூலரைத் திற. மேலேயிருந்து படி."